அவர் வாசிக்காமல் விட்ட செய்திகள்

கேள்விக்காரி என்ற பெயரை அவளுக்கு வைத்தது அவள் கதவு தட்டிய தெருக்களில் யாரோ ஒருவர். யார் என்று தெரிந்திருந்தால் நேரில் போய் நன்றி சொல்லியிருப்பாள். ஏனென்றால் அதற்கு முன்னால் எல்லோரும் அவளைச் 'சோப்புத்தூள்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அது அவள் சோப்புத்தூள் கம்பெனிக்காக வீடு வீடாகப் போன காலம். எந்தத் தூளில் துவைக்கிறீர்கள், பழைய தூளை ஏன் விட்டீர்கள், நுரை பிடிக்குமா வாசனை பிடிக்குமா என்று கதவைத் தட்டிக் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் கெட்டிக்காரர்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இல்லாத வீடுகளில் பிறக்காத மனிதர்களைக் குடிவைத்து, மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிட்டுச் சினிமாவுக்குப் போவார்கள். இவள் மட்டும் லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் முழங்கால் கெஞ்சக் கெஞ்ச ஏறி இறங்குவாள்.

"உண்மைவிளம்பி வந்துட்டாங்கப்பா, வழிவிடுங்க" என்று கேலி செய்வார்கள்.

செய்துவிட்டுப் போகட்டும். நகை நட்டோ பட்டம் பதவியோ இல்லாத பெண்ணுக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டாமா? கேட்காததைக் கேட்டேன் என்று எழுதமாட்டாள் என்ற பேர்தான் அவளுடைய பெருமை. மருந்துக்கடையில் வேலை பார்த்த அவள் வீட்டுக்காரர்கூட, "இவளை வெச்சுக்கிட்டு வீட்டுல ஒரு சின்னப் பொய் சொல்ல முடியலப்பா" என்று ஊரெல்லாம் புலம்புவார். அந்தப் புலம்பலில் பாதி பெருமிதம்.

பிறகு ஒருநாள், பத்திரிகைகளையும் அவற்றைப் படிக்கிறவர்களையும் ஒப்பிட்டு ஆராயும் ஒரு நிலையத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். செருப்புக்கடைக்கு மேலே இரண்டாவது மாடி. உள்ளே மனிதர் நிற்க இடமில்லை. பழைய பேப்பர் கட்டுகள் கூரையை முட்டிக்கொண்டு நின்றன. அவற்றுக்கு நடுவே, மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே மேஜையெங்கும் தேடிக்கொண்டிருந்தார் நிலையத்தை நடத்திய பேராசிரியை.

"தலையில இருக்கு மேடம்" என்றாள் இவள். நேர்முகத் தேர்வில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது.

மீதிப் பாதிக்குப் பேராசிரியை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வீடு வீடாப் போய் ஜனங்களைக் கேட்கிறதுல உங்களுக்கு என்னம்மா அவ்வளவு ஆசை?"

"எங்க வீட்டுக்கும் ஒருத்தர் இப்படித்தான் ஏதோ கேட்க வந்தார் மேடம். வீட்டுத் தலைவர் இருக்காரான்னார். வேலைக்குப் போயிருக்கார்னேன். 'வீட்டில் யாரும் இல்லை'ன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டார். நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு அங்கதான் நின்னுட்டிருந்தேன்."

பேராசிரியை சிரிக்கவில்லை. மறுநாளே வரச் சொன்னார்.

வேலை இதுதான். ஊரில் இரண்டு பத்திரிகைகள். ஒன்று கனமானது, ஒன்று காரமானது. இதே போல இன்னோர் ஊரிலும் இரண்டு. எந்தப் பத்திரிகை எதை எழுதுகிறது என்று பார்ப்பது ஒரு பாதி. அதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் உண்மையில் எதைப் படிக்கிறார்கள் என்று பார்ப்பது மறு பாதி. எல்லோரும் உலக அரசியல் படிப்பதாகச் சொல்வார்கள். விரல் மட்டும் சினிமாப் பக்கத்துக்குத் தானாகப் போகும். அதனால் வாயை நம்பக் கூடாது என்பது நிலையத்தின் சட்டம். முந்தின நாள் பேப்பரின் புதுப் பிரதி ஒன்றைக் கொண்டுபோய், வாசகர் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒவ்வொரு செய்தியாகத் தொட்டுக் கேட்க வேண்டும். உள்ளே என்ன இருந்தது என்று சொல்ல முடிந்தால் படித்தது; சிவப்புப் பென்சில். தலைப்பு மட்டும் கண்ணில் பட்டிருந்தால் நீலப் பென்சில். பார்க்கவே இல்லையென்றால் ஒன்றும் போடாமல் வெறுமனே விட்டுவிட வேண்டும். ஆளுக்கு ஒரு பிரதி. சாயங்காலம் அவள் பையில் கலர் கலராகப் பேப்பர்கள் திரும்பும். ஒருவரைப் பார்க்காமலே அவர் பேப்பரைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடலாம் என்பாள் அவள். அது கொஞ்சம் பீற்றல்தான். ஆனாலும் அந்த வேலை அவளுக்கு உயிராகிவிட்டது.

அப்படித்தான் டிரைவர் வீட்டுக்குப் போனாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்றாவது மாடியில், ஜன்னல் ஓரம் ஒரு சாய்வு நாற்காலி, எதிரே ஒரு முக்காலி. நாற்காலி அவருக்கு, முக்காலி அவர் மனைவிக்கு. தினமும் காலையில் அவர் பேப்பரை உரக்க வாசிப்பார். அந்தம்மா முக்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டோ பட்டாணி உரித்துக்கொண்டோ கேட்பார். வாசிப்பு என்றால் சும்மா வாசிப்பு இல்லை. மந்திரி பேச்சை மந்திரி குரலில் வாசிப்பார். விளையாட்டுச் செய்திக்கு எழுந்து நின்றுகொள்வார். நடுவில் தன் கருத்தையும் நுழைத்துவிடுவார். எது செய்தி, எது டிரைவர் என்று பிரிப்பது கஷ்டம்.

"வீட்டுல வேற யார் பேப்பர் படிப்பாங்க ஐயா?" என்று கேட்டாள் கேள்விக்காரி.

"வேற யாரு? இவளுக்குப் படிக்கத் தெரியாதும்மா. அதான் நான் வாசிச்சுக் காட்டறேன். என் ஸ்டூடண்ட்டு" என்று சிரித்தார்.

டிரைவரம்மா தலைகுனிந்து பட்டாணி உரித்தார். இவளும் அப்படியே எழுதிக்கொண்டாள். டிரைவரின் பிரதியைப் புரட்டி முடித்தபோது முழுக்க ரத்தச் சிவப்பு. விபத்துப் பக்கம் மட்டும் வெள்ளை. பஸ் கவிழ்ந்தது, லாரி மோதியது, ரோட்டைக் கடந்தவர் அடிபட்டது எதிலும் கோடில்லை.

"அதெல்லாம் வாசிக்கமாட்டேன். இவ மனசு தாங்காது" என்றார் டிரைவர்.

படியிறங்கப் போனவளின் பின்னாலேயே, துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு டிரைவரம்மா வந்தார். கண்ணால் மேலே காட்டினார். இருவரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். காயப்போட்ட போர்வைகளுக்கு நடுவே நின்று, அந்தம்மா கூடையின் அடியிலிருந்து அன்றைய பேப்பரை எடுத்தார்.

"ஏம்மா, என்னைக் கேட்கமாட்டியா?"

"அக்கா! உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாம என்ன? கல்யாணமான புதுசுல ஒரு கடுதாசியைக் குடுத்துப் படிக்கச் சொன்னார். வெட்கமா இருந்துச்சு, நீங்களே படிங்கன்னுட்டேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டார். அப்புறம் சொல்ல எனக்கும் வாய் வரலை."

"அதுக்காக இத்தனை காலமாவா?"

டிரைவரம்மா ஒரு தலையணை உறையை உதறிக் கொடியில் போட்டார். "நான் படிப்பேன்னு தெரிஞ்சா பேப்பரை என் கையில குடுத்துட்டு எழுந்து போயிடுவார்மா. வேலையை விட்டதிலேருந்து அந்த மனுஷன் வாயைத் திறக்கிறதே அந்த ஒரு நேரம்தான். அதை நானே கெடுத்துக்குவேனா?"

கேள்விக்காரி அங்கேயே, தண்ணீர்த் தொட்டியின் மேல் பிரதியை விரித்துக் கேட்க ஆரம்பித்தாள். பேட்டி வீட்டுக்குள்தான் நடக்க வேண்டும் என்று நிலையத்தில் சட்டம் உண்டு. தெரிந்தேதான் மீறினாள். முதல் பக்கத்தில் கோடில்லை. அரசியலில் கோடில்லை. அதையெல்லாம் அவர் வாசித்துக் கேட்டாயிற்றே, கண்ணால் எதற்குப் படிப்பது? விபத்துப் பக்கத்துக்கு வந்ததும் ஒவ்வொரு செய்தியையும் அந்தம்மா மனப்பாடமாகச் சொன்னார். எந்த வளைவு, என்ன வண்டி, பிரேக் பிடித்ததா இல்லையா எல்லாம். பக்கம் சிவந்துவிட்டது.

"ஏன்க்கா இதை மட்டும்?"

"அவர் ஓட்டின பஸ்ஸுக்குக் குறுக்க ஒருத்தர் விழுந்துட்டார் ஒரு தடவை. அவர் மேல தப்பில்லைன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க, கோர்ட்டும் சொல்லிடுச்சு. அவர் மட்டும் இன்னும் சொல்லிக்கலை. மனசு தாங்காதது எனக்கில்லம்மா, அவருக்கு. அந்தப் பக்கத்தை வாசிக்காம மடிச்சு வெச்சாலும் ஓரக்கண்ணால பார்த்திருப்பார். அன்னைக்கு முழுக்கச் சோறு இறங்காது. எதனாலன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?" என்றவர், அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா."

"சத்தியமா சொல்லமாட்டேன்க்கா" என்றாள். உணர்ச்சி வேகத்தில் சொன்னதல்ல, யோசித்துத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு, அதே வீடுகளுக்குத் திரும்பப் போகும் ஒவ்வொரு சுற்றிலும் அப்படியே நடந்தது. கீழே டிரைவர், மேலே மொட்டை மாடி. வீட்டுக்குள் கேட்டதாக அவள் எழுதவில்லை. படிவத்தில் எங்கே கேட்டாள் என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள். உண்மைவிளம்பிக்கு அதற்குமேல் கள்ளம் வரவில்லை.

நிலையத்தில் சரிபார்ப்பவர் ஒருவர் இருந்தார். கேட்டது நிஜமா, கட்டுக்கதையா என்று மறுபடி போய்ப் பார்ப்பது அவர் வேலை. பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் காதில் ஒன்று விழுந்தால் தெருவில் தம்பட்டம் அடித்த மாதிரிதான். ஒருநாள் அவர் டிரைவர் தம்பதியின் இரண்டு பிரதிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். ஒன்றில் சிவப்பு இருந்த இடமெல்லாம் மற்றதில் வெள்ளை. ஒன்றில் வெள்ளை இருந்த இடத்தில் மற்றதில் சிவப்பு. இரண்டும் சேர்ந்தால் ஒரு முழுப் பேப்பர்.

"மேடம், பாருங்க அழகை! புருஷன் விட்டதை அப்படியே பொண்டாட்டி பேர்ல பூசியிருக்காங்க. நிஜ மனுஷங்க இப்படியா படிப்பாங்க? நான் போய் டிரைவரைக் கேட்டேன். எங்க வீட்டம்மாவை இவங்க ஒரு வார்த்தை கேட்டதில்லை, அவளுக்குப் படிக்கவே தெரியாதுங்கிறார். முதல் தடவை இவங்களே அப்படித்தான் எழுதியிருக்காங்க!"

சோப்புத்தூள் காலத்தில் அத்தனை பேர் டீக்கடையில் உட்கார்ந்து பொய் எழுதினார்கள், ஒருவரும் மாட்டவில்லை. ஒரு பொய்யும் எழுதாத இவள் கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி நிற்கிறாள்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நீங்க சொல்லுங்க. அந்தம்மாவைக் கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம்."

"எங்கே வெச்சு?"

மொட்டை மாடி என்றால் ஏன் மொட்டை மாடி என்பார்கள். அதைச் சொன்னால் பூதக்கண்ணாடி பக்கத்திலேயே நிற்கிறார். ராத்திரிக்குள் டிரைவர் காதுக்குப் போய்விடும்.

"இந்த ஒண்ணு கற்பனைன்னா, நீங்க கொண்டுவந்த எல்லாத்தையும் நான் தூக்கிப் போடணும். உங்களையும் வெச்சுக்க முடியாது. எனக்கும் கஷ்டமா இருக்கும்மா" என்றார் பேராசிரியை. அது மிரட்டலாக இல்லாமல் வருத்தமாக இருந்ததுதான் இவளை இன்னும் அறுத்தது. "நாளைக்கு நாம மூணு பேரும் போவோம். அந்தம்மாவையே நான் கேட்கிறேன். அதுவரைக்கும் நீங்க அங்க போகக் கூடாது."

அன்று வீட்டில் அவளுக்குச் சாப்பாடு செல்லவில்லை. வீட்டுக்காரர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். சொல்லக் கூடாது என்றால் அவருக்கும்தானே சொல்லக் கூடாது.

"சரி, சொல்லாதே. ஆனா நீ செய்யலைன்னு எனக்குத் தெரியும். அது போதுமா, வேற யாராவது சொல்லணுமா?" என்றார் அவர்.

"வேற யாராவது சொல்லணும்" என்றாள் அவள். அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை அவர்கள் படியேறும்போதே டிரைவரின் குரல் கேட்டது. யாரோ ஒரு மந்திரி பாலம் திறந்துகொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் பாலத்தைப் பாதியில் விட்டுவிட்டு டிரைவர் எழுந்தார். முக்காலியில் இருந்த டிரைவரம்மாவும் எழுந்தார். நாற்காலிகள் வந்தன. பேராசிரியை விஷயத்தைச் சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, உங்க பேர்ல இவங்க ஒரு பேப்பர் கொண்டுவந்திருக்காங்க. நீங்க படிச்சதா சொல்றாங்க. உங்களைத்தான் கேட்கணும்."

டிரைவரம்மா கேள்விக்காரியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்ததா, மன்னிப்பு இருந்ததா என்று இவளுக்குத் தெரியவில்லை. முக்காலியைப் பார்த்தாள். சாய்வு நாற்காலியைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவே மடித்து வைக்காமல் கிடந்த பேப்பரைப் பார்த்தாள். ஒரு ஆமாம் போதும், இவள் பேர் தப்பிவிடும். அந்த வீட்டின் காலை நேரம் போய்விடும்.

"மேடம், அவங்களைக் கேட்க வேண்டாம்" என்றாள். "நான் கேட்கலைன்னே எழுதிக்குங்க."

பூதக்கண்ணாடி, பார்த்தீர்களா என்பது போலத் தொண்டையைக் கனைத்தார். பேராசிரியையின் முகம் விழுந்துவிட்டது.

"அப்படி எழுதாதீங்க" என்றார் டிரைவரம்மா.

சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் எல்லோரும் திரும்பினார்கள். அவர் பேப்பரை எடுத்தார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, நேராக விபத்துப் பக்கத்தைத் திருப்பி, வாசித்தார். "மலைப் பாதையில் பிரேக் செயலிழந்த பேருந்தை ஓட்டுநர் பாறையில் மோதி நிறுத்தியதால் பயணிகள் அனைவரும் உயிர் தப்பினர். பலத்த காயமடைந்த ஓட்டுநர்..." திக்கல் இல்லை, திணறல் இல்லை. பழகின கண்ணின் வாசிப்பு அது.

டிரைவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "உனக்கு... எப்பத்திலேருந்து?"

"எப்பவும்தாங்க."

"ஏம்மா எங்கிட்ட சொல்லலை?"

"நீங்க கேட்கவே இல்லையே."

மந்திரி குரல், விளையாட்டுக் குரல் எதுவும் டிரைவரின் உதவிக்கு வரவில்லை. சொந்தக் குரலிலேயே கேட்டார். "அந்தப் பக்கம்... எல்லாத்தையுமா படிக்கிறே?"

"எல்லாத்தையும். நீங்க எதைச் சுமந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியணும்ல?"

டிரைவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பாமலே, "அந்த டிரைவருக்கு என்ன ஆச்சாம்? மீதியை வாசி" என்றார்.

டிரைவரம்மா முக்காலியை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். டிரைவர் பிழைத்துக்கொண்டார் என்று எழுதியிருந்தது.

மூவரும் சத்தமில்லாமல் வெளியே வந்தார்கள். படியில் பூதக்கண்ணாடி, தன் வாழ்நாளில் முதல்முறையாக, சொல்ல ஒன்றும் கிடைக்காமல் நடந்தார். கடைசிப் படியில்தான், "மன்னிச்சிடுங்க" என்றார். பேராசிரியை மட்டும், "மொட்டை மாடியில கேட்டது தப்பு, அந்தக் கட்டத்தைக் காலியா விட்டது அதைவிடத் தப்பு. எங்கிட்ட தனியா வந்து, பேர் சொல்லாம ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்" என்று கேள்விக்காரியைத் திட்டினார். திட்டிக்கொண்டே அவள் தோளில் வைத்த கையைத் தெருமுனை வரை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் மருந்துக்கடைக்கே போய் வீட்டுக்காரரிடம், "வேற யாரோ சொல்லிட்டாங்க" என்றாள். என்ன, யார் என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த சுற்று தொடங்கிய நாளில் பேராசிரியை எல்லோருக்கும் புதிதாக ஒரு பென்சில் கொடுத்தார். பச்சை. கண்ணால் படிக்காமல், வேறொருவர் வாசித்துக் காதால் கேட்ட செய்திக்கு. "இத்தனை பேர் காதால படிக்கிறாங்க. அவங்களை எல்லாம் நான் வெள்ளையா விட்டுட்டிருந்திருக்கேன்" என்றார்.

கேள்விக்காரி டிரைவர் வீட்டுக்கு இரண்டு பிரதிகளோடு போனாள். டிரைவரம்மா, "வா" என்று மேஜைக்கே கூப்பிட்டார். சட்டப்படி வீட்டுக்குள், வெளிச்சத்தில், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். அந்தம்மாவின் பிரதியில் அரசியல் பச்சையாயிற்று, மந்திரிகள் பச்சையானார்கள். காலை வாசிப்பு நிற்கவில்லை என்று அதைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

பிறகு டிரைவரின் பிரதியைப் புரட்டினாள். விபத்துப் பக்கம் வந்தது. பழக்கத்தில் அதைத் தாண்டப் போனவளின் கையை டிரைவர் தடுத்தார்.

"இரும்மா. இதுல ஒண்ணொண்ணும் எனக்குத் தெரியும். அவ வாசிச்சா."

ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டாள். எந்த வளைவு, என்ன வண்டி, பிரேக் பிடித்ததா இல்லையா எல்லாம் சொன்னார். ரோட்டைக் கடந்தவர் அடிபட்ட செய்தியை மட்டும் பாதியில் விட்டார். டிரைவரம்மா அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். டிரைவர் மறுபடி தொடர்ந்தார். முடித்ததும், "சாப்பிட்டுட்டுப் போம்மா, நானும் இன்னும் சாப்பிடலை, பசிக்குது" என்றார்.

கேள்விக்காரி பச்சைப் பென்சிலை எடுத்து அந்தப் பக்கம் முழுவதையும் நிரப்பினாள்.